திங்கட்கிழமை அறையை யாருக்கு விற்பது?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் போகும் சாலையில், காப்பித் தோட்டத்துக்குள் 12 அறை உள்ள ரிசார்ட் நடத்துகிறோம். காலை உணவோடு ஓர் அறை 3,000 ரூபாய். வெள்ளி, சனி இரண்டு இரவும் நிரம்பிவிடும். திங்கள் முதல் வியாழன் வரை இரண்டு மூன்று அறை போனாலே பெரிது. பத்து புக்கிங்கில் எட்டு ஆன்லைன் தளங்கள் வழியாகத்தான் வருகிறது. கமிஷன் 20 சதவீதம். இப்போது அந்தத் தளத்துக்காரர் போன் செய்து, “பத்து சதவீத ஆஃபரும் மொபைல் ஆஃபர் பத்து சதவீதமும் போடுங்கள், லிஸ்டில் மேலே வருவீர்கள், வாரநாளும் நிரம்பும்” என்கிறார். என் அண்ணன் மகனோ, “இன்ஸ்டாகிராமில் பிரபலமான ஒருவரைக் கூப்பிடுவோம், 40,000 ரூபாயும் இரண்டு நாள் தங்கலும் கொடுத்தால் போதும்” என்கிறான். இதற்கிடையே வெந்நீர் வரவில்லை, அறையில் பூஞ்சை வாடை என்று ரிவ்யூ எழுதி மதிப்பெண் 3.8க்கு இறங்கிவிட்டது. பேசாமல் இந்தத் தளங்களை விட்டே வெளியே வந்துவிடலாமா?
— ஏற்காடு வாசகி ஒருவர்

பதில்: வெளியே வர வேண்டாம். அவர் சொல்கிற ஆஃபரை அப்படியே போடவும் வேண்டாம். முதலில் ஒரு பேப்பரை எடுத்து, ஓர் அறை விற்றால் கையில் எவ்வளவு நிற்கிறது என்று எழுதுங்கள். பலரும் கமிஷன் 20 சதவீதம் என்பதோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். அது அங்கே முடிவதில்லை.

3,000 ரூபாய் அறைக்குக் கமிஷன் 600. அந்தக் கமிஷன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 108. ஆக 708 போய் 2,292 நிற்கிறது. இந்த 108 ரூபாயைத்தான் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. விருந்தினருக்கு நல்ல செய்தி. 3,360 கொடுத்தவர் இப்போது 3,150 கொடுக்கிறார். ஆனால் அந்த 5 சதவீதம் உள்ளீட்டு வரி வரவு இல்லாத 5 சதவீதம். முன்பு கமிஷன் மேல் கட்டிய 108ஐ நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இப்போது அது முழுக்க உங்கள் செலவு. போர்வை, மெத்தை, சலவைக்குக் கட்டுகிற வரியும் அப்படியே. போன வருடக் கணக்கைப் பார்த்து விலை வைத்திருந்தால் இந்த வருடம் லாபம் எங்கே போனது என்று தெரியாது.

இது போகத் தளத்துக்காரர் ஜிஎஸ்டி டிசிஎஸ் என்று 0.5 சதவீதமும் வருமான வரி டிடிஎஸ் என்று 0.1 சதவீதமும் பிடித்துக்கொண்டு அனுப்புவார். அது செலவில்லை, உங்கள் பணம்தான். டிசிஎஸ்ஸை ஜிஎஸ்டி போர்டலில் ஏற்றுக்கொண்டால் அங்கே உங்கள் கேஷ் லெட்ஜரில் வந்து சேரும். டிடிஎஸ்ஸை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். டிசிஎஸ் ஏற்றுக்கொள்ளாமலே கிடக்கிறதா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்போது அவர் சொன்ன இரண்டு ஆஃபரையும் போட்டுப் பார்ப்போம். முதல் பத்து கழித்தால் 2,700. அதன் மேல் மொபைல் பத்து, 2,430. இதற்குக் கமிஷன் 486, வரி 87 ரூபாய் 48 பைசா. கையில் 1,856. மூவாயிரம் ரூபாய் அறையில் 38 சதவீதம் போய்விட்டது. ஆஃபர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் என்பதை அவர் போனில் சொல்லியிருக்க மாட்டார். பல தளங்களில் உறுப்பினர் தள்ளுபடி என்று மூன்றாவதும் தானாகவே சேர்ந்திருக்கும்.

இருந்தாலும் செவ்வாய்க்கிழமைக்கு 1,856 மோசமில்லை. காலை உணவு, சலவை, சோப்பு, மின்சாரம் எல்லாம் சேர்த்து ஓர் அறை விற்றால் கூடுதலாக ஆகிற செலவு 600 என்று வையுங்கள் (உங்கள் தொகை வேறாக இருக்கும், மளிகை பில்லையும் லாண்டரி பில்லையும் வைத்து நீங்களே போடுங்கள்). பூட்டிக் கிடக்கிற அறையில் 1,256 வருகிறது. சிக்கல் சனிக்கிழமையில் இருக்கிறது. தேதி பார்க்காமல் ஆஃபர் போட்டால் எப்படியும் நிரம்பப் போகிற அறைக்கும் தள்ளுபடி விழும். வெள்ளி, சனி சேர்த்து 24 அறை. அதில் பத்துக்கு எட்டு தளங்கள் வழி என்றால் 19. ஓர் அறைக்கு 435 ரூபாய் குறைகிறது. வாரத்துக்கு 8,265 ரூபாய். இதை ஈடுகட்டவே வாரநாளில் ஏழு அறை கூடுதலாக விற்றாக வேண்டும். எட்டாவது அறையிலிருந்துதான் உங்களுக்கு லாபம். வாரநாளில் இப்போதே வருகிற இரண்டு மூன்று பேரும் குறைந்த விலையில் வருவார்கள், அது தனி.

ஆகவே ஆஃபர் போடுங்கள், திங்கள் முதல் வியாழன் வரை மட்டும். எக்ஸ்ட்ராநெட்டில், அதாவது தளத்தில் ஓட்டல்காரர் லாகின் செய்யும் இடத்தில், ஆஃபர் உருவாக்கும் பக்கத்திலேயே எந்தக் கிழமை, எந்தத் தேதி வேண்டாம் என்று குறிக்க இடம் இருக்கும். பிளாக்-அவுட் தேதி என்பார்கள். பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, சுதந்திர தினத்தை ஒட்டிய நீண்ட விடுமுறை, ஆயுத பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ், மே மாதம் முழுக்க அதில் போய்விட வேண்டும். ஒன்று போட்டால் போதும், இரண்டாவது வேண்டாம். போட்ட பிறகு லாகின் செய்யாத வேறு ஒரு போனில் வருகிற சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் உங்கள் ரிசார்ட்டைத் தேடிப் பாருங்கள். அடுத்த புக்கிங் வந்ததும் வவுச்சரில் ‘ஓட்டலுக்குத் தர வேண்டியது’ என்ற வரியைப் பாருங்கள். அந்த வரி மட்டும்தான் உண்மையான விலை. மேலே பெரிய எழுத்தில் காட்டுவது விருந்தினருக்கு.

இவ்வளவும் செய்தாலும் வாரநாள் பெரிதாக மாறாது என்பது என் கருத்து. காரணம் எளிது. தளங்களில் தேடுகிறவர் பெரும்பாலும் பெங்களூருக்காரரோ சென்னைக்காரரோ. அவருக்கு லீவு சனி, ஞாயிறுதான். புதன்கிழமைக்கு நீங்கள் ஆயிரம் ரூபாய்க்குக் கொடுத்தாலும் அவரால் வர முடியாது. புதன்கிழமை வரக்கூடியவர் 30 கிலோமீட்டர் கீழே, சேலத்தில் இருக்கிறார். அவர் தங்கும் அறையை ஆன்லைனில் தேடுவதே இல்லை. ஏற்காடு என்றால் காலையில் ஏறி, போட் விட்டு, பஜ்ஜி தின்று, சாயங்காலம் இறங்குகிற இடம் அவருக்கு. அவரிடம் நீங்கள் நேரே போய்த்தான் விற்க வேண்டும்.

முதலில் கம்பெனி மீட்டிங். ஐந்து ரோடு, ஜங்ஷன் மெயின் ரோடு, சாரதா காலேஜ் ரோடு பக்கம் இருக்கிற மருந்து விநியோகஸ்தர்கள், மருத்துவமனை நிர்வாகங்கள், வங்கிகளின் மண்டல அலுவலகங்கள், ஜவுளி ஏற்றுமதியாளர்கள். கொஞ்சம் தள்ளினால் நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்கள், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு ரிக் வண்டிக்காரர்கள், ஈரோடு ஜவுளிக்காரர்கள். இவர்கள் எல்லாரும் வருடத்துக்கு ஒரு முறையாவது விற்பனைக் கூட்டமோ டீலர் மீட்டிங்கோ வைக்கிறார்கள். செவ்வாய், புதன் வைப்பதில் அவர்களுக்கும் ஆட்சேபம் இருக்காது, ஞாயிற்றுக்கிழமை ஆளைக் கூப்பிட்டால் முணுமுணுப்பு வரும்.

கணக்கு இப்படி. 20 பேர், இருவருக்கு ஓர் அறை, பத்து அறை. செவ்வாய் காலை 10 மணிக்கு வந்து புதன் மதியம் 12 மணிக்குக் கிளம்புகிறார்கள். ஒரு மதியச் சாப்பாடு, இரண்டு டீ, இரவுச் சாப்பாடு, காலை டிபன், ஹால் எல்லாம் சேர்த்து தலைக்கு 2,600 ரூபாய், வரி தனி. மொத்தம் 52,000. சாப்பாட்டுச் செலவு தலைக்கு 900 போட்டால் 18,000. காலை டிபன் அதிலேயே வந்துவிட்டதால் மீதி அறைச் செலவு 300 வீதம் 3,000. கமிஷன் கிடையாது. 31,000 நிற்கிறது. அதே செவ்வாய்க்கிழமை தளம் வழியாக மூன்று அறை போனால் செலவு போக ஐயாயிரம்தான் நிற்கும். மாதத்துக்கு இப்படி இரண்டு கூட்டம் பிடித்தால் போதும்.

அவர்கள் கேட்பது ஆடம்பரம் இல்லை. 20 பேர் உட்காரும் ஒரு ஹால், 55 அங்குல டிவி ஒன்று, அதில் செருக நீளமான எச்டிஎம்ஐ கேபிள், ஒரு கம்பெனி இணையம் போனால் இன்னொன்று, கரன்ட் போனால் ஹாலுக்கும் டிவிக்கும் தாங்கும் ஜெனரேட்டர். கடைசியில் சொன்னதை வாங்குகிறவர் வந்து பார்க்கும்போது போட்டுக் காட்டுங்கள். பில் அவர்களுடைய ஜிஎஸ்டி எண்ணோடு சரியாக வர வேண்டும். ஓட்டல் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேதான் வரி விழும். அதனால் சேலத்துக் கம்பெனி அறைக்குக் கட்டிய சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியை (மத்திய, மாநில ஜிஎஸ்டி) வரவு எடுக்கலாம். கர்நாடகத்தில் மட்டும் பதிவு உள்ள கம்பெனியால் முடியாது. ஐந்து சதவீதத்தில் இது பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் அக்கவுண்டன்ட் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் கெடுவது இரண்டு இடத்தில். அட்வான்ஸ் வாங்காமல் பத்து அறையைப் பிடித்து வைப்பது ஒன்று. பாதித் தொகை வந்த பிறகுதான் மற்ற தளங்களில் அந்தத் தேதியை மூட வேண்டும். இன்னொன்று குடி. கம்பெனி ஆட்கள் வந்தால் ராத்திரி பாட்டில் திறப்பார்கள், பக்கத்து அறைக் குடும்பம் ரிவ்யூ எழுதும். உங்கள் விதி எதுவோ அதை கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். அன்றைக்குக் குடும்பங்களை எதிர்ப்பக்க அறைகளில் போடுங்கள்.

இரண்டாவது, ‘ராத்திரி மட்டும்’ என்று ஒரு விலை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருப்பவர் பகலில் வர முடியாது. மாலை 5 மணிக்குச் செக்-இன், ராத்திரிச் சாப்பாடு, காலை டிபன், 9 மணிக்கு இறங்கினால் பத்து பத்தரைக்குக் கடையில் இருப்பார். மார்ச் முதல் ஜூன் வரை, சேலத்தில் ராத்திரியும் மின்விசிறிக் காற்று அனலாக அடிக்கிற நாள்களில் இது விற்கும். ஏழு மணிக்குள் வந்துவிடச் சொல்லுங்கள். மூடுபனி இறங்கினால் இருபது கொண்டை ஊசி வளைவும் பழக்கமில்லாதவருக்குச் சிரமம்.

மூன்றாவது பள்ளிகள். சேக்ரட் ஹார்ட், 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போன்ற உறைவிடப் பள்ளிகள் ஏற்காட்டில் இருக்கும்போது, பிள்ளையை விட வருகிற, கூட்டிப்போக வருகிற பெற்றோர் வருடா வருடம் அதே தேதிகளில் வருவார்கள். பள்ளி திறக்கும் நாளும் மூடும் நாளும் வாரநாளில் விழுவதே அதிகம். ஒரு முறை வந்த பெற்றோர் ஐந்தாறு வருடம் வருவார். காலை 8 மணிக்கே அறை, பெட்டி வைக்க இடம், இஸ்திரிப் பெட்டி, மூன்று பேர் படுக்கிற அறை, இவ்வளவுதான் வேண்டும். பள்ளியின் பெயரை விளம்பரத்தில் போட்டு ஏதோ ஒப்பந்தம் இருப்பதுபோலக் காட்டாதீர்கள். வந்தவரின் எண்ணைக் குறித்துவைத்து, அடுத்த பருவம் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது நீங்களே கூப்பிடுங்கள்.

ஞாயிறு இரவையும் சொல்லிவிடுகிறேன், வாரத்தில் அதுதான் விற்க எளிது. ஞாயிறு சாயங்காலம் மலைப்பாதையில் வண்டி ஊர்ந்து போவதை எல்லாரும் அறிவார்கள். சனிக்கிழமை செக்-இன் செய்யும்போதே, “நாளை இரவும் இருந்துவிட்டு திங்கள் விடியற்காலை இறங்குங்கள், இரண்டாவது இரவு பாதி விலை” என்று ரிசப்ஷனில் சொல்லச் சொல்லுங்கள். பத்துப் பேரில் ஒருவர் ஒப்புக்கொண்டாலும் கமிஷன் இல்லாத 1,500 ரூபாய்.

உங்களிடம் காப்பித் தோட்டம் இருக்கிறது, அதைப் படத்துக்குப் பின்னணியாக மட்டும் வைத்திருக்கிறீர்கள். மார்ச், ஏப்ரலில் பூ மழை, அதாவது காப்பியைப் பூக்க வைக்கும் கோடை மழை, பெய்து எட்டுப் பத்து நாளில் அரபிக்கா காப்பி பூக்கும். தோட்டம் முழுக்க வெள்ளை, மல்லிகை மாதிரி மணம், மூன்று நான்கு நாளில் முடிந்துவிடும். எந்தத் தேதி என்று ஜனவரியில் யாராலும் சொல்ல முடியாது. தளங்களில் இதை விற்க முடியாததற்கும் அதுவே காரணம். பழைய விருந்தினர்களில் “பூக்கும்போது சொல்லுங்கள்” என்று பெயர் கொடுத்தவர்களுக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் இப்படி ஒன்று போகட்டும்:

“நேற்று ராத்திரி தோட்டத்தில் பூ மழை பெய்தது. இன்னும் எட்டுப் பத்து நாளில் காப்பி பூக்கும், மூன்று நான்கு நாள் நிற்கும். திங்கள் முதல் வியாழன் வரை ஆறு அறை இருக்கிறது. காலை 7 மணிக்குத் தோட்டம் சுற்றிக் காட்டுவோம். வர முடிந்தால் இதற்கே பதில் போடுங்கள்.”

தள்ளுபடி என்ற சொல்லே அதில் வேண்டாம். நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிப்பு நடக்கும்போது இதே பட்டியலுக்கு இன்னொரு செய்தி அனுப்பலாம். பறிக்கிறவர்கள் வேலையைக் கெடுக்காமல் ஒரு வரிசையை மட்டும் காட்டுங்கள், மழை ஈரம் இருந்தால் அட்டைப்பூச்சிக்கு உப்பு கையில் இருக்கட்டும்.

இனி ரிவ்யூ. இதை நான் விளம்பரத்துக்கு மேலே வைக்கிறேன். 3.8 உள்ள ரிசார்ட்டுக்கு எத்தனை ஆஃபர் போட்டாலும் பட்டியலில் மேலே வரும், படத்தைத் தட்டுவார்கள், வெந்நீர் வரவில்லை என்று படித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

வெந்நீர்ப் புகார் பெரும்பாலும் கெட்டுப்போன கீசரால் வருவதில்லை, போதாத கீசரால் வருகிறது. உங்கள் அறையில் 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் இருக்கும் என்று நினைக்கிறேன். தொட்டித் தண்ணீர் 18 டிகிரியில் இருந்தால் 60 டிகிரிக்கு ஏற 22 நிமிடம். குளிக்கிற சூட்டுக்கு, அதாவது 40 டிகிரிக்கு, பச்சைத் தண்ணீர் கலந்தால் மொத்தம் 28 லிட்டர், ஒன்றரை வாளிக்குக் கொஞ்சம் குறைவு. கணவர் குளித்து முடித்தால் மனைவிக்கு வெந்நீர் இல்லை. இது 230 வோல்ட் வரும்போது. மாலையில் வோல்டேஜ் 180க்கு இறங்கினால் அதே கீசர் ஆறு பங்கில் நாலு பங்குக்கும் குறைவான சூட்டைத்தான் தரும்; 22 நிமிடம் 36 ஆகிவிடும். விருந்தினர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ரிசப்ஷனுக்குப் போன் செய்வார், அங்கே யாரும் எடுக்க மாட்டார்கள், ரிவ்யூ எழுதுவார். 25 லிட்டர் போட்டால் இரண்டு வாளிக்கு மேல் வரும். சோலார் மட்டும் வைத்திருந்தால் ஜூனுக்குப் பிறகு மேகமூட்டத்தில் அது கைவிடும், உள்ளே ஹீட்டர் காயில் உள்ளதாகப் பாருங்கள். மாற்றும் வரை குளியலறைக் கதவில், ‘சுவிட்ச் போட்டு 30 நிமிடம் பொறுக்கவும், ஒருவர் குளித்தபின் மறுபடி 30 நிமிடம்’ என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். பாதிப் புகார் அதிலேயே நிற்கும்.

பூஞ்சை வாடைக்குக் காரணம் உங்கள் ரிசப்ஷனில் இருக்கக்கூடும். வாரநாளில் வருகிற இரண்டு மூன்று பேருக்கும் வேலை குறைவு என்று எப்போதும் முன்பக்க அறைகளையே கொடுப்பார்கள். பின்பக்க அறைகள் ஞாயிறு பூட்டினால் வெள்ளிதான் திறக்கும். ஐந்து நாள் மூடிய அறை, கனமான ரஜாய், சுவரோடு ஒட்டிய அலமாரி. சனிக்கிழமை முழு விலை கொடுக்கிறவருக்கு அந்த அறை. அறை எண்ணைச் சுழற்சியாகக் கொடுங்கள். காலியாக இருந்தாலும் வெயில் உள்ள நாளில் 11 மணி முதல் 3 மணி வரை ஜன்னல் திறந்து மின்விசிறி ஓட வேண்டும்; மூடுபனி உள்ளே வருகிற நாளில் மூடியே இருக்கட்டும், திறந்தால் ஈரம்தான் ஏறும். மெத்தையைச் சாய்த்து நிறுத்துங்கள், அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள், அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளுங்கள். ரூம் ஃப்ரெஷ்னர் அடிப்பது இன்னும் மோசம். பூஞ்சையும் ரோஜாவும் கலந்த வாடையை யாரும் மறக்க மாட்டார்கள்.

எழுதப்பட்ட ரிவ்யூவுக்குப் பதில் போடுங்கள், ஆனால் எழுதியவருக்காக அல்லாமல் அடுத்து படிக்கிறவருக்காக. “தங்கள் அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்” என்ற ஒரே வரியை நாற்பது ரிவ்யூவுக்கும் ஒட்டினால் இருப்பதும் கெடும். இப்படி எழுதலாம்: “நீங்கள் சொன்னது சரி. 9ஆம் அறையில் 15 லிட்டர் கீசர்தான் இருந்தது, இருவர் அடுத்தடுத்துக் குளிக்கப் போதாது. அதை 25 லிட்டராக மாற்றிவிட்டோம். அந்த அறையின் மெத்தையும் மாற்றியாகிவிட்டது.” மாற்றிய பிறகுதான் இதை எழுத வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நல்ல ரிவ்யூ எழுதினால் டீ இலவசம், பில்லில் தள்ளுபடி என்று பேரம் பேசாதீர்கள். கூகுள் விதிக்கு அது விரோதம், பிடித்தால் ரிவ்யூக்களையே எடுத்துவிடுவார்கள். பணம் கட்டும் இடத்தில் கியூஆர் அட்டை ஒன்று வைத்து, திருப்தியோடு போகிறவரிடம் வாய் திறந்து கேளுங்கள்.

கூகுளைப் பற்றிச் சுருக்கமாக. உங்கள் பிசினஸ் புரொஃபைலில் மேப் குறி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தோட்டத்து நடுவில் கூரை மேல் இருந்தால் வழிகாட்டி ஆளைப் பின்பக்க மண்பாதையில் கொண்டு விடும். கேட்டில் குறி வையுங்கள். உளுந்தூர்பேட்டை வழியாக வருகிற சென்னைக்காரருக்கு அயோத்தியாப்பட்டணத்தில் திரும்பி குப்பனூர் பாதையில் ஏறுவது கிட்டத்தில். பெங்களூரிலிருந்து வருபவருக்கு அடிவாரம் வழி. கனமழையில் மண் சரிந்தால் ஒரு பாதையை மூடுவார்கள், எது திறந்திருக்கிறது என்று அன்று காலை நீங்களே செய்தி அனுப்புங்கள். 2021 மார்ச் முதல் கூகுள் ஓட்டல் பட்டியலில் கட்டணமில்லாத புக்கிங் இணைப்பும் வருகிறது. உங்கள் வெப்சைட்டில் விருந்தினர் நேரே அறை பதிவு செய்யும் மென்பொருள், அதாவது ஒரு புக்கிங் என்ஜின் இருந்து, அவர்கள் கூகுளோடு இணைந்தவர்களாக இருந்தால் தளங்களின் விலைக்குப் பக்கத்திலேயே உங்கள் விலையும் நிற்கும். அந்த இணைப்பு இருக்கிறதா என்பது என்ஜின் விற்கிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இப்போது சாட்ஜிபிடி, ஜெமினியிடம் “ஏற்காட்டில் வயதானவர்களோடு தங்க எது நல்லது” என்று கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவை படத்தைவிட எழுத்தை எளிதில் எடுத்துக்கொள்ளும். வெப்சைட்டில் ‘இயற்கையின் மடியில்’ என்று எழுதுவதை விட்டுவிட்டு, ஏரியிலிருந்து எத்தனை கிலோமீட்டர், அறைக்குப் போக எத்தனை படி, எந்த நெட்வொர்க் கிடைக்கும், ஜெனரேட்டர் எதற்கெல்லாம் ஓடும், அசைவம் உண்டா, ஓட்டுநர் எங்கே படுப்பார் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். கேம்ப் ஃபயர், கூடுதல் படுக்கைக்கு உள்ள கட்டணத்தையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். முதலில் ஒரு விலை காட்டிப் பணம் கட்டும்போது ஏற்றுவதை 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல் ஏமாற்று உத்திகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

நேரடி புக்கிங்குக்கு விலையைக் குறைத்து வெளியே போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எல்லா இடத்திலும் ஒரே விலை என்ற நிபந்தனைக்காக 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஆன்லைன் புக்கிங் தளமான மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்து, அந்த நிபந்தனையை மாற்றச் சொன்னது. இருந்தாலும் விலையைக் குறைக்கும் முன் உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பதைப் படியுங்கள். பன்னிரண்டு அறையை வைத்துக்கொண்டு சட்டச் சண்டை போடுவதைவிட, விலையை அப்படியே வைத்து மேலே ஏதாவது கொடுப்பது நல்லது. தோட்டத்துக் காப்பித்தூள் கால் கிலோ, செக்-அவுட் இரண்டு மணி நேரம் கூடுதல், ஓட்டுநருக்குக் கட்டிலும் சாப்பாடும். கடைசியில் சொன்னதை லேசாக எண்ணாதீர்கள். மலையில் காருக்குள் குளிரில் படுத்த ஓட்டுநர் அடுத்த முறை உங்கள் பக்கம் வண்டியைத் திருப்ப மாட்டார். ஓட்டல்களில் ஓட்டுநர் தங்க இடம் வேண்டும் என்பதை 2023இல் மாநிலக் கட்டட விதிகளிலேயே சேர்த்திருக்கிறார்கள்.

எண்களைச் சேகரிக்கும்போது பதிவு அட்டையில், ‘தகவல் அனுப்பலாமா: ஆம் / வேண்டாம்’ என்று ஒரு வரி சேருங்கள். தனிநபர் தரவுச் சட்டம் 2023இல் வந்து, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் ஒரு பட்டியலுக்கு 256 பேர். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டுமே அது போகும். அதனால் செக்-இன் நேரத்திலேயே, “வழி சொல்ல இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட வேண்டும். மாதத்துக்கு ஒரு செய்திக்கு மேல் வேண்டாம். குட் மார்னிங் படம் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள், நியாயம்தான்.

கடைசியாக அண்ணன் மகன் சொன்னது. 40,000 ரூபாய்க்கு ஏறக்குறைய நான்கைந்து பெரிய கீசர் வரும். முதலில் அதை வாங்குங்கள். இப்போதிருக்கும் நிலையில் ரீல் பார்த்து வருகிறவர் எல்லாரும் சனிக்கிழமைக்குத்தான் கேட்பார்கள், அது ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. மதிப்பெண் 4.2 தாண்டி, ‘ராத்திரி மட்டும்’ விலையும் தயாரான பிறகு கூப்பிடலாம். அப்போது பின்தொடர்பவர் எத்தனை லட்சம் என்று கேட்காமல், அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்ற பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை வாங்குங்கள். சேலம், ஈரோடு, நாமக்கல் முதல் ஐந்து ஊருக்குள் வந்தால், ஐம்பதாயிரம் பேர் உள்ளவர் உங்களுக்கு ஐந்து லட்சம் பேர் உள்ளவரைவிட உபயோகம், கூலியும் குறைவு. எழுத்தில் வாங்க வேண்டியவை: வாரநாளில் மட்டும் தங்கல், இரண்டு ரீல், அதில் வாரநாள் விலை வாயால் சொல்லப்பட வேண்டும், எடுத்த மூல வீடியோவை ஒரு வருடம் நீங்கள் பயன்படுத்தலாம், பணமோ இலவசத் தங்கலோ வாங்கியதைப் பதிவிலேயே தெரியும்படி சொல்ல வேண்டும். கடைசி நிபந்தனை 2023 ஜனவரியிலிருந்து மத்திய நுகர்வோர் துறை சொல்லும் விதி. மீறி, தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று முடிவானால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், விளம்பரம் கொடுத்த உங்களையும் சேர்த்து. பாதிப் பணம் முன்னால், மீதி இரண்டாவது ரீல் வெளிவந்த பிறகு.